கல்லும் பதிவும் மேற்கோளும்: குடும்ப வரலாற்று ஆய்வில் இணையக் கல்லறைப் பதிவுகள் குறித்த ஒரு மதிப்பீடு

0. முன்னுரை

குடும்ப வரலாற்று ஆய்வில் கல்லறைக் கல்வெட்டு நெடுங்காலமாகவே ஒரு சான்றாகக் கொள்ளப்பட்டு வருகிறது. பிறந்த நாள், இறந்த நாள், பெற்றோர் பெயர், வாழ்க்கைத் துணையின் பெயர், தொழில், சமயம் ஆகியன ஒரே இடத்தில் சுருங்கிய வடிவில் கிடைப்பதே இதற்குக் காரணம். இந்தியாவில் 1886ஆம் ஆண்டுச் சட்டம் பிறப்பு, இறப்பு ஆகியவற்றை விருப்பத்தின் பேரில் பதிவு செய்துகொள்ள வழி செய்தது. நாடு முழுவதற்கும் பொதுவான கட்டாயப் பதிவு 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் ஏற்பட்டது. எனவே அதற்கு முன் வாழ்ந்த பலருக்குத் திருச்சபைப் பதிவேடும் கல்லறைக் கல்லுமே எஞ்சிய சான்றுகளாக உள்ளன.

இக்கற்கள் இன்று பெரும்பாலும் இணையத்தின் வழியாகவே ஆய்வாளரை வந்தடைகின்றன. 1995இல் ஜிம் டிப்டன் தொடங்கி, 2013இல் ஆன்செஸ்ட்ரி நிறுவனத்தின் உடைமையான ஃபைண்ட் எ கிரேவ், கைப்பேசிப் படத்துடன் இடக்குறிப்பையும் இணைக்கும் பில்லியன்கிரேவ்ஸ் ஆகியன உலகளாவிய தொகுப்புகள். தெற்காசியாவைப் பொறுத்தவரை 1976இல் நிறுவப்பட்ட தெற்காசியக் கல்லறைகளுக்கான பிரித்தானியச் சங்கமும், 1998இல் தோன்றிய பிரித்தானிய இந்தியக் குடும்பங்கள் கழகமும் குறிப்பிடத்தக்கவை. இத்தொகுப்புகளை மேற்கோள் காட்டும் முறையை மொழியியல், மொழிபெயர்ப்பியல் நோக்கில் மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பதிவின் அடுக்குகள்

'கல்லறையில் இவ்வாறு உள்ளது' என்று எழுதும் ஆய்வாளர் பெரும்பாலும் கல்லைக் கண்டவர் அல்லர். அவர் கண்டது ஒரு பதிவையே. அப்பதிவு குறைந்தது நான்கு அடுக்குகளால் ஆனது. முதலாவது, கல்லில் பொறித்த வாசகம். இரண்டாவது, அதன் ஒளிப்படம். மூன்றாவது, படத்தையோ கல்லையோ நோக்கி ஒருவர் எழுதிய படி. நான்காவது, அப்படியிலிருந்து பெயர், பிறப்பு, இறப்பு, இடம் என்னும் கட்டங்களில் பிரித்து இடப்பட்ட தரவு. இவற்றுக்கு மேல், பதிவை உருவாக்கியவர் வேறிடங்களிலிருந்து திரட்டிச் சேர்க்கும் வாழ்க்கைக் குறிப்பும் உறவு இணைப்புகளும் ஐந்தாவது அடுக்காக அமைகின்றன.

ஐந்தாவது அடுக்கு கல்லோடு எத்தொடர்பும் இல்லாததாக இருக்கலாம். ஃபைண்ட் எ கிரேவ் தொகுப்பில் கல்லின் படமே இல்லாத பதிவுகளும் உண்டு. நாளிதழ் இரங்கற்குறிப்பு ஒன்றே அவற்றுக்கு ஆதாரமாகலாம். ஆயினும் ஐந்து அடுக்குகளும் ஒரே பக்கத்தில், ஒரே தோற்றத்தில் அமைவதால், படிப்போர் அனைத்தையும் 'கல்லறைச் சான்று' எனவே கொள்கின்றனர். இணையக் கல்லறைப் பதிவுகளைச் சுட்டும் கட்டுரைகளில் மிகுதியாக நிகழும் பிழைக்கு வேர் இதுவே.

இந்தியக் கல்வெட்டியலில் இவ்வடுக்குகளைப் பிரித்துக் காட்டும் மரபு புதியதன்று. மைப்படி வேறு, பதிப்பித்த வாசகம் வேறு, மொழிபெயர்ப்பு வேறு, பதிப்பாசிரியர் குறிப்பு வேறு என்பதை அத்துறை நூற்றாண்டுக்கும் மேலாகக் கடைப்பிடித்து வருகிறது. சிதைந்த எழுத்தையும் ஊகித்து நிரப்பிய எழுத்தையும் அடைப்புக்குறிகளால் வேறுபடுத்தும் லெய்டன் முறை 1931இல் வகுக்கப்பட்டது. சோழர் கல்வெட்டுக்கு வேண்டும் என நாம் கருதும் இவ்வொழுங்கைப் பாட்டனாரின் கல்லறைக்கு வேண்டாம் எனக் கருதுவதற்குக் காரணம் ஏதுமில்லை.

2. நடப்பு மேற்கோள் மரபும் அதன் போதாமையும்

மரபுவழி ஆய்வில் மேற்கோள் முறைக்கு ஒழுங்கு தந்தவர்களுள் முதன்மையானவர் எலிசபெத் ஷோன் மில்ஸ். அவருடைய சிறு கையேடு 1997இலும் விரிந்த நூல் 2007இலும் வெளிவந்தன. மூலம், மூலம் தரும் செய்தி, செய்தியிலிருந்து பெறும் சான்று ஆகிய மூன்றையும் வேறுபடுத்தியது இம்மரபின் பெருஞ்சிறப்பு. மூலம் முதன்மையானதா வழிவந்ததா, செய்தி நிகழ்வை நேரில் அறிந்தவர் தந்ததா கேட்டறிந்தவர் தந்ததா, சான்று நேரடியானதா மறைமுகமானதா என்னும் வினாக்களை இது எழுப்புகிறது. ஒரே கல்லில் உள்ள இறந்த நாள் நேரில் அறிந்தார் தந்த செய்தியாகவும், பிறந்த நாள் கேட்டறிந்தார் தந்த செய்தியாகவும் இருக்கலாம் என்பது இதனால் விளங்குகிறது.

எனினும் பல மொழியும் பல எழுத்தும் வழங்கும் சூழலுக்கு இவ்வகைப்பாடு போதுமானதன்று. படியெடுப்பு, சுருக்கம், எழுத்துப்பெயர்ப்பு, மொழிபெயர்ப்பு ஆகிய அனைத்தும் 'வழிவந்த மூலம்' என்னும் ஒரே வகையுள் அடங்கிவிடுகின்றன. ஆங்கிலக் கல்லை ஆங்கிலத்தில் படியெடுக்கும்போது நேரும் பிழையும், தமிழ்க் கல்லை உரோமன் எழுத்தில் பெயர்த்துப் பின் ஆங்கிலத்தில் பொருளுரைக்கும்போது நேரும் இழப்பும் ஒரு தன்மையன அல்ல. முன்னதில் எழுத்து தவறலாம். பின்னதில் உறவே மாறிவிடலாம். இவ்வேறுபாடுகளைப் பின்வரும் பகுதிகள் ஆராய்கின்றன.

3. படியெடுப்பு

இலத்தீன் கற்களில் உகரத்தையும் வகரத்தையும் ஒரே வடிவால் எழுதுவர். பழைய ஆங்கிலக் கற்களில் நெடுவடிவ எஸ் எழுத்தை எஃப் எனப் பிழைபட வாசித்துக் குடும்பப் பெயரையே மாற்றிவிடுவது அடிக்கடி நேர்கிறது. தமிழில் இச்சிக்கல் வேறு வகையில் தோன்றுகிறது. ஓலை எழுத்து மரபைப் பின்பற்றிய பழைய பொறிப்புகளில் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடுவதில்லை. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவில் அமையும். இங்கு படியெடுப்பது என்பதே ஒரு வகையில் பொருள்கோளாகும். படியெடுத்தவர் எதைக் கண்டார், எதை ஊகித்தார் என்பது பதிவில் இல்லையெனில், படத்தைப் பாராது படியை மட்டும் சுட்டுவது ஊகத்தைச் சான்றாக்குவதாகும்.

4. பெயர்

4.1 ஒரு பெயரின் பல வடிவங்கள்

தமிழ்க் கிறித்தவக் குடும்பங்களின் வரலாற்றை ஆராய்வோர்க்குப் பெயரே முதல் தடையாகிறது. கத்தோலிக்க மரபில் இராயப்பன், சின்னப்பன், அருளப்பன், சூசை என வழங்கியவை சீர்திருத்தத் திருச்சபை மரபில் பேதுரு, பவுல், யோவான், யோசேப்பு எனும் வடிவங்களைப் பெற்றன. ஞானஸ்நானப் பதிவேடு இலத்தீன் வடிவத்தையும், பள்ளிச் சான்று ஆங்கில வடிவத்தையும், கல்லறைக் கல் தமிழ் வடிவத்தையும் தாங்கி நிற்கலாம். அவ்வாறாயின் ஒருவர் தரவுத்தளத்தில் மூவராகிவிடுகிறார். இதற்கு மாறாக, தமிழ் விவிலியத்தில் யாக்கோபு என்பது ஆங்கிலத்தின் ஜேக்கப், ஜேம்ஸ் ஆகிய இரண்டுக்கும் பொது. எனவே கல்லில் உள்ள யாக்கோபுவை ஜேக்கப் எனப் பெயர்த்து இட்டவர், ஜேம்ஸ் என்னும் பெயருடைய பாட்டனாரைத் தேடுவோரிடமிருந்து அவரை மறைத்துவிடுகிறார்.

எழுத்துப்பெயர்ப்பும் இத்தகையதே. ஞானப்பிரகாசம் என்பதன் முதலெழுத்தை உரோமன் எழுத்தில் காட்டவே ஒன்றுக்கு மேற்பட்ட மரபுகள் உள்ளன. வல்லினத்தின் ஒலிப்புடைமை தமிழெழுத்தில் தெரிவதில்லையாதலால் தகரம் ஒருவர்க்கு 'டி' எழுத்தாகவும் மற்றொருவர்க்கு 'டி-எச்' ஆகவும் ஆகிறது. தேடும் பொறி எழுத்தையே தேடுகிறது, ஒலியனை அன்று.

4.2 முதலெழுத்தும் குடும்பப் பெயரும்

தரவுத்தளத்தின் கட்டங்கள் 'முதற்பெயர்', 'குடும்பப் பெயர்' என்னும் மேலை மரபில் அமைந்தவை. தமிழ்ப் பெயரில் குடும்பப் பெயர் என்பது பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னிற்கிறது. இயற்பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இடும்போது தந்தையும் மகனும் வெவ்வேறு குடும்பத்தினராகின்றனர். மனைவி, கணவனின் இயற்பெயரைக் குடும்பப் பெயராகப் பெறுகிறாள். கல்லில் இல்லாத ஓர் இலக்கணத்தைக் கட்டம் கல்லின் மேல் ஏற்றுகிறது. ஆய்வாளர் கட்டத்தைச் சுட்டாமல் கல்லின் தொடரைச் சுட்டுவராயின் இத்தீங்கு நேராது.

5. உறவுப்பெயர்

மொழிபெயர்ப்பாளர் மிகுந்த கருத்துடன் நோக்கவேண்டிய பகுதி இது. தமிழில் 'மருமகன்' என்பது மகளின் கணவனையும் உடன்பிறந்தாளின் மகனையும் குறிக்கும். கல்லை எழுப்பியவர் தம்மை மருமகன் எனப் பொறித்திருக்க, பெயர்ப்பாளர் முதற்பொருளை மட்டும் ஆங்கிலத்தில் தந்தால், இறந்தவருக்கு இல்லாத ஒரு மகள் பிறக்கிறாள். அவளுக்கு ஒரு திருமணமும் நிகழ்ந்துவிடுகிறது. அம்மகளைத் தேடிப் பின்வரும் ஆய்வாளர் பதிவேடுகளைப் புரட்டுவர். கிடைக்காதபோது 'பதிவு அழிந்தது' என்று எழுதவும் கூடும். அண்ணன், தம்பி என்னும் சொற்கள் பெரியப்பன், சிற்றப்பன் மக்களையும் தழுவுவன. பேரன் என்பது மகன்வழி, மகள்வழி என்னும் பாகுபாட்டைக் காட்டாது. தரவுத்தளமோ பெற்றோர், துணைவர், உடன்பிறந்தார், மக்கள் எனச் சில கட்டங்களையே அறியும்.

இத்தகைய ஈரடி ஆங்கிலத்திலும் உண்டு. பழைய ஆங்கில வழக்கில் 'இன்-லா' எனும் ஒட்டு மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை வழி உறவையும் குறித்தது. 'கசின்' என்பது இன்றையினும் விரிந்த பொருளில் வழங்கியது. 'ரெலிக்ட்' என்பது கைம்பெண்ணைக் குறிக்கும் என அறியாதார் அதனைப் பெயரின் ஒரு பகுதியாகக் கொண்ட இடங்களும் உண்டு. சொல்லின் பொருள் கல் பொறித்த காலத்து வழக்கால் துணியப்படவேண்டும் என்பது மொழியியலார்க்குப் புதிய செய்தியன்று. ஆயினும் மேற்கோளில் மூலச் சொல்லைத் தராது பெயர்ப்பை மட்டும் தந்தால், அத்துணிபை மறுஆய்வு செய்ய வழியே இல்லாது போகிறது.

6. காலக்குறிப்பு

வயதிலிருந்து பிறந்த ஆண்டைக் கணித்துக் கட்டத்தில் இடும் வழக்கம் பரவலாக உள்ளது. சர் வில்லியம் ஜோன்ஸ் 1794 ஏப்ரல் 27 அன்று தம் 47ஆம் வயது நிறைவுற்ற நிலையில் கல்கத்தாவில் மறைந்தார். 1794இலிருந்து 47ஐக் கழித்தால் 1747 கிடைக்கும். அவர் பிறந்ததோ 1746 செப்டம்பர் 28. நன்கறியப்பட்ட ஒருவர்க்கு இப்பிழை உடனே திருத்தப்படும். வேறு பதிவே இல்லாதவர்க்குக் கணிப்பே வரலாறாகிவிடும். 'நாற்பதாம் வயதில்' என்னும் தொடர் நிறைந்த ஆண்டையா நடப்பு ஆண்டையா குறிக்கிறது என்பதும் ஒவ்வொரு கல்லிலும் ஆராயத்தக்கது.

1752க்கு முற்பட்ட ஆங்கிலேயர் கற்களில் ஆண்டு மார்ச் 25 அன்று தொடங்கியது. எனவே பிப்ரவரி 1690 எனப் பொறித்தது இன்றைய கணக்கில் 1691 ஆகும். சோழமண்டலக் கரையில் போர்ச்சுகீசியர் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கிரகோரிய நாட்காட்டியைப் பின்பற்றத் தொடங்கினர். டேனியர் 1700இல் அதற்கு மாறினர். ஆங்கிலேயர் 1752இல் மாறினர். அருகருகே உள்ள கற்களில் ஒரே நாள் வெவ்வேறு தேதியாக அமைய இதுவே காரணம். தமிழ்க் கற்களில் அறுபதாண்டுச் சுழற்சிப் பெயர் மட்டும் இருப்பின் அறுபது ஆண்டு வேறுபாடு நேரலாம். தென்மாவட்டங்களில் வழங்கிய கொல்லம் ஆண்டை மாற்றும்போது மாதத்தையும் நோக்கியே 824 அல்லது 825 கூட்டவேண்டும். பதிவில் காணப்படும் கிறித்தவ ஆண்டு பொறிக்கப்பட்டதா, மாற்றப்பட்டதா என்பதை மேற்கோள் தெரிவித்தல் இன்றியமையாதது.

7. இடம்

கல் உள்ள இடமே அடக்கம் செய்த இடம் என்னும் எண்ணம் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் பொய்க்கிறது. 1758-59இல் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது வெளியே இருந்த ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டம் அப்படைக்கு மறைவிடமாகப் பயன்பட்டது. முற்றுகைக்குப் பின் கல்லறைகள் இடிக்கப்பட்டு, கற்கள் 1680இல் அமைந்த புனித மேரி ஆலயத்தைச் சுற்றிப் பாவப்பட்டன. இன்று அக்கற்களைப் படமெடுத்து இடக்குறிப்புடன் பதிவேற்றுவோர் கல்லின் இடத்தைத் துல்லியமாகவே தருகின்றனர். ஆனால் உடல் அங்கில்லை. அப்பழைய தோட்டத்தில் எஞ்சி நின்ற கல்லறைகளுள் எலிகு யேலின் மகன் டேவிட் யேல், ஜோசப் ஹின்மர் ஆகியோர் நினைவிடமும் ஒன்று. உயர்நீதிமன்ற வளாகத்துள் உள்ள அதனை வேறிடத்திற்கு மாற்றுமாறு 2023இல் நீதிமன்றம் ஆணையிட்டது. கல் இடம்பெயரக் கூடியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

இறந்த இடம், அடக்கம் செய்த இடம், நினைவுச் சின்னம் உள்ள இடம் ஆகியனவும் தனித்தனியானவை. கால்டுவெல் 1891இல் கொடைக்கானலில் மறைந்து இடையன்குடியில் அடக்கம் செய்யப்பட்டார். ஜோன்ஸின் உடல் கல்கத்தா தெற்குப் பூங்காத் தெருக் கல்லறையில் உள்ளது. இலண்டன் புனித பவுல் பேராலயத்தில் உள்ளது நினைவுச் சிலையே. இவற்றை ஒரே 'இடம்' என்னும் கட்டத்தில் இட்டால் வாழ்க்கை வரலாறு பிழைபடும்.

8. போப் கல்லறை: ஒரு சோதனை

மேற்கூறிய கருத்துகளைத் தமிழர் நன்கறிந்த ஒரு கல்லைக் கொண்டு சோதிக்கலாம். ஜி.யு. போப் தம் கல்லறையில் தம்மை ஒரு தமிழ் மாணவன் எனப் பொறிக்க விரும்பினார் என்றும், அவ்வாறே பொறிக்கப்பட்டுள்ளது என்றும் மேடைகளிலும் நூல்களிலும் நெடுங்காலமாகக் கூறப்பட்டு வருகிறது. அத்தொடர் பல வடிவங்களில் வழங்குகிறது. ஒரே கல்லின் வாசகம் எனப்படுவது வடிவந்தோறும் வேறுபடுவதே ஐயத்துக்குரிய முதற்குறியாகும்.

1848இல் தோன்றிய ஆக்ஸ்ஃபோர்டு புனித செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் போப்பின் கல் உள்ளது. அதன் வாசகமும் படமும் இணையத்தில் கிடைக்கின்றன. வாசகம் ஆங்கிலம். அது அவரைத் தென்னிந்தியாவைச் சார்ந்தவர் என்றும், பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு விரிவுரையாளராகவும் பேலியல் கல்லூரியின் சமயகுருவாகவும் இருந்தவர் என்றும் குறிக்கிறது. பிறப்பு 1820 ஏப்ரல் 24, இறப்பு 1908 பிப்ரவரி 11 என நாள்களைத் தருகிறது. கீழைத்தேய இலக்கியத்துக்கும் மெய்யியலுக்கும் அவர் வாழ்நாள் முழுதும் ஆற்றிய உழைப்பைப் போற்றி, அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள தமிழ் நண்பர்களும் இக்கல்லை நாட்டினர் என்றும் கூறுகிறது. தமிழ் மாணவன் என்னும் தொடர் அதில் இல்லை.

இங்கு மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, போப் அவ்வாறு விரும்பினாரா என்பது வேறு வினா; அதற்கு இக்கல் சான்றாகாது, மறுப்பும் ஆகாது. இரண்டு, கல் தரும் பிறந்த நாள் குடும்பத்தார் வழிவந்த செய்தியே. எனினும் 1900இல் வெளிவந்த திருவாசக மொழிபெயர்ப்பின் முன்னுரையில், ஏப்ரல் 24 அன்று தமக்கு எண்பது ஆண்டு நிறைவதைப் போப் தாமே குறிப்பிடுகிறார். கல்லும் நூலும் ஒத்துச் செல்வதால் அந்நாள் உறுதிப்படுகிறது. மூன்று, கல் எழுப்பியவர் யார் என்பதும் ஒரு செய்தியே. தமிழ் நண்பர்கள் கடல் கடந்து அவர்க்குக் கல் நாட்டினர் என்னும் உண்மை, வழங்கும் கதையினும் சிறப்புக் குறைந்ததன்று. இல்லாத தொடரைப் போற்றிய நாம் உள்ள தொடரைப் படிக்காமல் விட்டோம். கல்லின் படத்தைச் சுட்டி, மூல வாசகத்தைத் தந்து, அதன் கீழ் மொழிபெயர்ப்பை இடும் மேற்கோள் ஒன்று தொடக்கத்திலேயே இருந்திருப்பின் இது நேர்ந்திராது.

9. தொகுப்பின் எல்லையும் தொகுப்போர் உழைப்பும்

இணையப் பதிவுகளை முற்றாக ஒதுக்கவேண்டும் என வாதிடுவாரும் உளர். அது பொருந்தாது. மழையும் உப்புக்காற்றும் எழுத்தை அரிக்கின்றன. இடநெருக்கடியால் பழைய குழிகள் மீண்டும் பயன்படுகின்றன. கல் அழிந்தபின் தன்னார்வலர் எடுத்த படமே எஞ்சிய சான்றாகும். மேலும், அச்சுத் தொகுப்புகள் குறையற்றவை அல்ல. ஜே.ஜே. காட்டன் 1905இல் வெளியிட்ட சென்னை மாகாணக் கல்லறைப் பட்டியல் பெரும்பணி. ஆயினும் வரலாற்று அல்லது தொல்லியல் சிறப்புடைய கற்களையே தொகுப்பதாக அதன் தலைப்பே கூறுகிறது. ஓர் உபதேசியாரின் கல்லோ, ஒரு பள்ளி ஆசிரியையின் கல்லோ அதில் இல்லையெனில், கல்லே இல்லை என்பது பொருளன்று. அத்தகையோரின் கற்கள் இணையத்தில் இடம்பெறத் தொடங்கியிருப்பது வரவேற்கத்தக்கது. இப்பதிவுகளில் குறை காண்பது தொகுப்போரின் உழைப்பைப் பழிப்பதாகாது. மேற்கோள் காட்டுவோரின் கடமையை வலியுறுத்துவதே ஆகும்.

இணையப் பதிவு மாறும் இயல்பினது என்பதும் கருதத்தக்கது. பதிவுகள் திருத்தப்படுகின்றன, ஒன்றாக இணைக்கப்படுகின்றன, ஒருவர் பொறுப்பிலிருந்து மற்றொருவர்க்கு மாற்றப்படுகின்றன. 1996இல் மெட்ராஸ் சென்னையானதும், 2001இல் கல்கத்தா கொல்கத்தாவானதும் தரவுத்தள இடப்பெயரை மாற்றும், கல்லை மாற்றா.

10. பரிந்துரை

பல மொழிச் சூழலில் கல்லறைப் பதிவை மேற்கோள் காட்டும்போது பின்வரும் கூறுகள் இடம்பெறுதல் வேண்டும்.

(அ) கல்: தோட்டத்தின் பெயர், ஊர், கல்லின் மொழி, எழுத்து.
(ஆ) படம்: எடுத்த ஆண்டு, படம் இல்லையெனில் 'படம் இல்லை' என்னும் குறிப்பு.
(இ) வாசகம்: மூல எழுத்தில், சிதைவும் ஊகமும் குறியிட்டு.
(ஈ) எழுத்துப்பெயர்ப்பு, மொழிபெயர்ப்பு: செய்தவர் யார் என்னும் குறிப்புடன் தனித்தனியாக, உறவுப்பெயரும் காலக்குறிப்பும் மூலச் சொல்லோடு.
(உ) பதிவு: தொகுப்பின் பெயர், பதிவெண், பார்த்த நாள்.
(ஊ) கல்லில் இல்லாதவை: வாழ்க்கைக் குறிப்பு, உறவு இணைப்பு ஆகியன பதிவாளர் கூற்று எனத் தனியே சுட்டப்படுதல்.

ஆறும் எல்லாப் பதிவுக்கும் கிடைக்கமாட்டா. கிடைக்காததைக் கிடைக்கவில்லை எனக் குறிப்பதும் மேற்கோளின் பகுதியே. இவற்றுள் இரண்டு மட்டுமே இயலுமெனில் (இ), (உ) ஆகியவற்றை முதன்மையாகக் கொள்ளலாம். மூல வாசகமும் பதிவெண்ணும் இருப்பின் பிறவற்றைப் பின்வருவோர் மீட்டுக்கொள்ள இயலும்.

11. முடிவுரை

கல்லறைக் கல் என்பது உயிரோடிருந்தோர் இறந்தோரைப் பற்றி எழுதிய ஒரு சிறு பனுவல். அதற்கு மொழி உண்டு, வழக்கு உண்டு, எழுதியவரின் நோக்கமும் உண்டு. இணையம் அப்பனுவலை எட்டாத் தொலைவிலிருந்து கொண்டுவந்து தருகிறது. அதே நேரத்தில் அதனைக் கட்டங்களாகவும் உடைத்துவிடுகிறது. உடைந்ததை மீண்டும் பனுவலாக வாசிக்கும் பயிற்சி மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரியது. குடும்ப வரலாற்று ஆய்வாளர் இத்துறைகளை நாடவேண்டும் என்பது எத்துணை உண்மையோ, இத்துறையினர் கல்லறைத் தோட்டத்தைத் தம் தரவுக்களமாகக் கொள்ளவேண்டும் என்பதும் அத்துணை உண்மையாகும். தமிழ்நாட்டுத் திருச்சபைக் கல்லறைத் தோட்டங்களின் தமிழ்க் கற்களை மூல எழுத்திலேயே படியெடுத்து, உறவுப்பெயர்க்கும் காலக்குறிப்புக்கும் அடைவுடன் வெளியிடுவது உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணியாகும். எழுத்துத் தேயுமுன் அது நிகழவேண்டும்.